அத்தி வாசனை பெர்ஃப்யூம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறேன். ஏழெட்டு வருஷமாக அத்தி வாசனை பெர்ஃப்யூம்கள் மேல் எனக்கு ஒரு தனிப் பிடிப்பு, அதிலும் ஒருவரோ இரண்டு பேரோ சேர்ந்து சின்ன அளவில் செய்து விற்கிற கைவினைக்காரர்களின் பாட்டில்கள் மேல். ஆபீஸில், கல்யாண வீட்டில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போகும்போது என்று எங்கே போனாலும் "என்ன சென்ட் இது" என்று ஆரம்பித்து அதே பத்துப் பதினைந்து கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டுவதற்குப் பதில், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அத்திப்பழ சென்ட்டா? அத்திப்பழத்துக்கு ஏது வாசனை?

கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. பழத்தை மூக்கருகே வைத்தால் லேசான ஒரு இனிப்பு, அவ்வளவுதான். உலர்ந்த அத்தி என்றால் வெல்லமும் பேரீச்சையும் கலந்த மாதிரி கொஞ்சம் வரும். இந்த பெர்ஃப்யூம்கள் பிடிக்கப் பார்ப்பது மரத்தின் வாசனையை: இலை, காம்பை ஒடித்தால் வருகிற பால், வெயிலில் காய்ந்த பட்டை, கீழே நிழல் விழுந்த மண், எல்லாம் சேர்ந்து.

எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் ஒரு சீமை அத்தி நிற்கிறது. காலை வெயில் ஏறி இலை சூடான நேரத்தில் ஒரு இலையைப் பிடித்து விரலால் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். முதலில் வருவது தக்காளிச் செடியைக் கிள்ளினால் வருமே, அந்தக் கசப்பான பச்சை வாசனை. ஒரு நிமிஷம் விட்டு அதே விரலை மோந்தால் இளம் தேங்காய்ப் பாலின் வழவழப்பு வந்திருக்கும். கசப்பும் பாலும் ஒரே இலையில். என்னை இழுத்தது இதுதான். (மோந்து பார்த்ததும் கையைக் கழுவிவிடுங்கள், காரணம் கீழே வருகிறது.)

நம்ம ஊர் அத்தி மரமும் இதுவும் ஒண்ணா?

ஒரே குடும்பம், வேறு மரம். நாம் அத்தி என்று சொல்வது நாட்டு அத்தி. தண்டிலும் பெரிய கிளையிலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும், பழுத்துக் கீழே விழுந்து கிடந்தால் புளித்த வாடை அடிக்கும். காஞ்சிபுரத்தில் 40 வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்தி வரதர் இந்த மரத்தில் செய்யப்பட்டவர். 1979-லும் 2019-லும் தரிசனம் தந்தார். பெர்ஃப்யூமில் வருவது மத்தியதரைக் கடல் பக்கம் வளரும் சீமை அத்தி, கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற பழம். ஆலும் அரசும்கூட இதே பேரினம்தான், எதை ஒடித்தாலும் பால் வரும். ஆனால் அந்தத் தேங்காய்ப்பால் வாசனை சீமை அத்தி இலையில் வருகிற மாதிரி மற்றவற்றில் எனக்குக் கிடைத்ததில்லை.

இந்த வாசனையை முதல்ல யார் பாட்டில்ல போட்டாங்க?

1994-ல் ஒலிவியா ஜியாகோபெட்டி என்ற பிரெஞ்சுப் பெண்மணி, லார்த்திசான் பர்ஃபுமர் என்கிற பாரிஸ் நிறுவனத்துக்காக 'பிரெமியே ஃபிகியே' என்ற ஒன்றைச் செய்தார். அத்தியையே மையமாக வைத்த முதல் பெர்ஃப்யூம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரிக்காரர்களுக்குப் பெயரிலேயே விஷயம் விளங்கிவிடும். 'ஃபிக்' என்றால் பழம், 'ஃபிகியே' என்றால் மரம். 'முதல் அத்திமரம்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்து, 1996-ல், அவரே தீப்தீக் நிறுவனத்துக்காக 'ஃபிலோசிகோஸ்' செய்தார், அத்தியை நேசிப்பவர் என்று கிரேக்கத்தில் பொருள். அந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர்கள் கிரேக்கத்தின் பீலியன் மலைப் பக்கம் கழித்த கோடைக்காலத்தின் நினைவு அது. 2003-ல் ழான்-குளோத் எலெனா, எர்மெஸ் நிறுவனத்துக்காகத் துனீசியாவில் ஒரு தோட்டத்தை வைத்து 'ஆன் ழார்தான் ஆன் மெடித்தெரானே' செய்தார், அதிலும் நடுநாயகம் அத்தி இலைதான். இன்றைக்கு எந்தச் சின்னக் கைவினைக்காரர் அத்தியைத் தொட்டாலும் ஜியாகோபெட்டி போட்ட பாதையை அறிந்தே தொடுகிறார், அதை ஒட்டியோ அதிலிருந்து விலகியோ.

கைவினை பெர்ஃப்யூமர்னா யாரு? நம்ம அத்தர் கடை பாய் மாதிரியா?

கிட்டத்தட்ட. அத்தர் கடையில் பாய் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு தடவு தடவி, "இது வேணாம்மா, உங்களுக்கு இது நிக்கும்" என்று இன்னொன்றை எடுப்பார் பாருங்கள், அந்த நேர்ப் பழக்கம் இங்கேயும் உண்டு. பெரிய பிராண்டுகள் பெரும்பாலும் ஜிவோடான், ஐஎஃப்எஃப் மாதிரியான வாசனைப்பொருள் கம்பெனிகளிடம் "இந்த மாதிரி ஒன்று வேண்டும்" என்று சொல்லிச் செய்யவைப்பார்கள். கைவினைக்காரர் தானே யோசித்து, தானே சொட்டுச் சொட்டாக எடை போட்டுக் கலந்து, பல சமயம் தானே பாட்டிலில் ஊற்றி லேபிளும் ஒட்டுகிறார்.

அமெரிக்காவில் போர்ட்லாந்தில் ஜோஷ் மேயர் நடத்துகிற இமேஜினரி ஆதர்ஸ் இப்படி வந்தது. எழுதப்படாத நாவல்களின் பெயரை பெர்ஃப்யூமுக்கு வைப்பார், அவருடைய 'யெஸ்டர்டே ஹேஸ்' அத்தியை வைத்துச் செய்தது. புரூக்ளினில் கணவன் மனைவியாக ஆரம்பித்த டி.எஸ். அண்ட் துர்காவின் 'டிபேசர்' இன்னொன்று. 1976-ல் ஆரம்பித்த லார்த்திசானும் பெயருக்கு ஏற்ற மாதிரி சின்னதாகத் தொடங்கியதுதான், இன்று ஸ்பெயினின் புய்க் என்ற பெரிய குழுமத்துக்குச் சொந்தம். சின்னது பெரிதாவதும் விற்கப்படுவதும் சகஜம், அதனால் இன்றைக்கு யார் கலக்குகிறார்கள் என்று பார்த்து வாங்குவது நல்லது.

நிஜ அத்தி இலையிலேர்ந்துதான் எண்ணெய் எடுக்கறாங்களா?

இல்லை. எடுக்க முடியும், ஆனால் தோலில் போடக்கூடாது. அத்தி இலைச் சாறு ஒவ்வாமையைக் கிளப்பும், வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். அதனால் இஃப்ரா என்கிற சர்வதேச நறுமணச் சங்கம் அத்தி இலை அப்சல்யூட்டை, அதாவது இலையிலிருந்து இறக்கின அடர்த்தியான சாரத்தை, பெர்ஃப்யூமில் தடை செய்திருக்கிறது.

அப்போது இலையை எப்படிக் கட்டுகிறார்கள் என்றால், துண்டு துண்டாக. பச்சைக்கு ஸ்டெமோன் என்று ஜிவோடானின் ஒரு பொருள், தனியாக மோந்தால் அத்தி இலையும் தக்காளி இலையும் ஞாபகம் வரும். புல் வெட்டின வாசனைக்கு ஹெக்செனால். பாலுக்கு காமா ஆக்டாலாக்டோன், காமா நோனாலாக்டோன் மாதிரி லாக்டோன்கள். மரத்துக்கு செடார், ஆய்வகத்தில் செய்கிற ஐசோ ஈ சூப்பர். கலிஃபோர்னியாவின் மாண்டி அஃப்டெல் மாதிரி இயற்கைப் பொருள் மட்டுமே தொடுபவர்களுக்கு ஸ்டெமோனும் கிடையாது. கால்பனம் பிசின், வயலெட் இலை என்று இருப்பதை வைத்து அத்தியை வரவழைக்க வேண்டியதுதான். அத்தி இல்லாமலே அத்தி என்று நம்பவைக்கிற வேலை இது, எனக்கு இதில் மரியாதை அதிகம்.

அப்போ எல்லாம் கெமிக்கல்தானே, உடம்புக்கு ஆகுமா?

போன பதிலை இன்னொரு முறை படியுங்கள். தடை செய்யப்பட்டது இயற்கையான இலைச் சாறு, அதற்குப் பதில் வந்தது ஆய்வகத்தில் செய்தது. "இயற்கை என்றால் நல்லது, கெமிக்கல் என்றால் கெட்டது" என்கிற கணக்கு இங்கே அப்படியே தலைகீழ்.

நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரை மாதம், நல்ல வெயில் நேரத்தில், அரைக்கைச் சட்டையோடு மாடி அத்தியைக் கவாத்து செய்தேன். பால் முழங்கை வரைக்கும் வழிந்தது, துணியில் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மறுநாள் பால் வழிந்த கோடு கோடாகவே சிவந்து கொப்புளம் எழும்பியது, கொப்புளம் ஆறின பிறகும் கருந்தழும்பு ஆடி வரைக்கும் போகவில்லை. பாலிலும் இலையிலும் இருக்கிற சொராலென் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து செய்கிற வேலை இது. பெர்ஃப்யூமில் அந்தச் சாறு கிடையாது. ஆனாலும் எந்த வாசனைப் பொருளும் யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதனால் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டு அப்புறம் கழுத்துக்குப் போங்கள்.

எனக்கு தேங்காய் எண்ணெய் மாதிரி இருக்கே, ஏமாந்துட்டேனா?

ஏமாறவில்லை. இதுதான் நம் ஊரில் எனக்கு அதிகம் வருகிற புகார். முதல் முறை நான் போட்டுக்கொண்டு போனபோது கடலூரில் சித்தி கிட்டே வந்து, "தலைக்கு எண்ணெய் வச்சியாடி" என்றார். அவர் மூக்கில் தப்பில்லை. மேலே சொன்ன காமா நோனாலாக்டோன்தான் தேங்காய் வாசனைக்கும் கம்பெனிகள் காலங்காலமாகப் போடுவது. ஆல்டிஹைட் சி-18 என்று அதற்குப் பழைய பெயர், ஆல்டிஹைட் இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. தேங்காயின் மணமும் லாக்டோன் குடும்பத்திலிருந்து வருவதுதான். வெளிநாட்டுச் சமையல்காரர்கள் அத்தி இலையைப் பாலில் ஊறவைத்து ஐஸ்கிரீம் செய்கிறார்கள், தேங்காய் சேர்க்காமலே தேங்காய் ருசி வரும்.

அவர்களுக்கு இந்த வாசனை கடற்கரை விடுமுறை, வெயில் கிரீம். நமக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், வாரிப் பின்னின தலை, அம்மாவின் மடி. அவர்கள் புதிதாகக் கேட்கிற ஒரு சுரம் நமக்குப் பிறந்ததிலிருந்து காதில் ஒலிக்கிறது, அதனால் நம் மூக்கு தேங்காயைத் தனியாகப் பிரித்துவிட்டு மற்றதைத் தவறவிடுகிறது. போட்டதும் முடிவு கட்டாமல் பத்து நிமிஷம் பொறுங்கள். தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு கசப்பு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது அத்தி. தேங்காய் மட்டும் இனித்துக்கொண்டே இருந்தால் பெர்ஃப்யூமர் பாலை அதிகம் விட்டுவிட்டார், அது உங்களுக்கானது இல்லை. நம் ஊர் மூக்குக்கு இலை தூக்கலாக, பால் கம்மியாக இருப்பதே சரிப்படும் என்பது என் கருத்து.

எல்லா அத்தி சென்ட்டும் ஒண்ணுதானே, எதுக்கு நாலஞ்சு வச்சிருக்க?

சாம்பார் எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கிற மாதிரி இருக்கிறது! ஒவ்வொருவரும் மரத்தின் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதில்தான் வித்தியாசம். ஃபிலோசிகோஸ் இலையிலிருந்து தொடங்கி வெள்ளை மரத்தில் போய் முடியும், பழம் ஏறக்குறைய இல்லை. டிபேசர் பச்சையும் தேங்காய்ப்பாலும் தாராளமாக, சாறு வழிகிற ஒரு இலை. யெஸ்டர்டே ஹேஸில் அத்தி தூசி படிந்து நிற்கிறது, கூட ஐரிஸும் கிரீமும், அடியில் வால்நட்டின் துவர்ப்பு, அறுவடை முடிந்த தோப்பில் சாயங்காலம் நிற்பது போல.

பெரிய கம்பெனி எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று கசப்பை மழித்துவிடும், எஞ்சுவது ஜாம். கைவினைக்காரர்களுக்கு அந்தப் பயம் குறைவு, பாலின் நெடியையும் காம்பின் கசப்பையும் அப்படியே விட்டுவைக்கிறார்கள். அவர்கள் செய்கிற எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். சிலது அரை மணியில் மூக்கைக் குத்தும், சிலது வெறும் செடாரில் போய் முடியும். ஆனால் நன்றாக வந்த ஒன்றில் செய்தவரின் கை தெரியும்.

நம்ம வெயிலுக்கு நிக்குமா?

பச்சை நிற்காது, அது எந்த ஊரிலும் நிற்காது. ஹெக்செனால் மாதிரி லேசான பொருள்கள் சில நிமிஷத்தில் பறந்துவிடும், மே மாதப் புதுச்சேரியில் இன்னும் சீக்கிரம். லாக்டோன் சில மணி நேரம் இருக்கும். மரம் சட்டைக் காலரில் மறுநாள் வரைக்கும் கிடக்கும். அதனால் இலையை ரசிக்க வேண்டும் என்றால் ஐந்து மி.லி. சிறு ஸ்ப்ரேயைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போகிற முன் இன்னொரு முறை அடித்துக்கொள்வதுதான் வழி.

புழுக்கமான நாளில் இனிப்பான அத்தி வியர்வையோடு சேர்ந்து கனத்துவிடும், கசப்பான அத்தி குளிர்ச்சி தரும். மழை விட்ட ஐப்பசி சாயங்காலம்தான் என் கணக்கில் இதற்கு உச்சம். ஈரக் காற்றில் இலை வாசனை மெதுவாக எழுந்து பக்கத்திலேயே நிற்கும்.

எனக்கு ஒரு மணி நேரத்துல வாசனையே தெரியலை, ஆனா பக்கத்துல இருக்கறவங்க கேக்கறாங்களே?

இரண்டு காரணம். ஒன்று, மூக்கு பழகிவிடுவது. சமையலறையில் இருப்பவருக்குத் தாளிப்பு தெரியாமல் தெருவில் போகிறவருக்குத் தெரிகிற மாதிரி. இன்னொன்று ஐசோ ஈ சூப்பர். பலருக்கு இது வந்து வந்து மறையும், சிலருக்குப் பிடிபடவே பிடிபடாது. தெரியவில்லையே என்று மேலும் மேலும் அடிக்காதீர்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பாவம். பத்து நிமிஷம் வெளியே போய்விட்டு வந்து மணிக்கட்டை மோந்து பாருங்கள்.

ஆம்பளைங்க போடலாமா?

தாராளமாக. முதலிலிருந்தே இது இருபாலருக்கும் என்றுதான் பெரும்பாலும் விற்கப்படுகிறது. என் தம்பி என்னிடமிருந்து எடுத்துப் போனது இன்னும் திரும்பி வரவில்லை.

தலையில மல்லி வச்சிக்கிட்டு இதைப் போட்டா சண்டை போடாதா?

நான் பயந்துகொண்டே முயன்று பார்த்தது. பெரிய மார்க்கெட்டில் சாயங்காலம் வாங்கின குண்டுமல்லி இரண்டு முழம், கழுத்தில் இலை தூக்கலான ஒரு அத்தி. சண்டை இல்லை. மல்லிகை மணத்திலும் லாக்டோன் உண்டு, அது அத்தியின் பாலோடு போய் ஒட்டிக்கொண்டது. அத்தியின் கசப்பு மல்லிகையின் திகட்டலைக் குறைத்து, பூவைக் கொடியிலேயே இலையோடு மோந்த மாதிரி செய்தது. கல்யாணத்துக்கு இப்போது இப்படித்தான் போகிறேன். ஜாம் வகை அத்தியை மட்டும் மல்லிகையோடு சேர்க்காதீர்கள், தலைவலிக்கும்.

அத்திக்குள்ள குளவி செத்துக் கிடக்குமாமே, அப்போ இது சைவமா?

"அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு" என்று நம் முன்னோர் பார்த்துத்தான் சொன்னார்கள். அத்திப்பூ பழத்துக்குள்ளேயே மறைந்து இருக்கிறது, 'அத்தி பூத்தாற்போல' என்பதும் அதனால்தான். மகரந்தம் கொண்டுவரச் சின்னக் குளவி உள்ளே நுழையும், நம் நாட்டு அத்தியிலும் அப்படியே. ஆனால் கடையில் விற்கிற சீமை அத்தியில் பல ரகம் குளவி இல்லாமலே காய்ப்பவை, புனே பக்கத்துப் புரந்தர் அத்தி உட்பட.

பெர்ஃப்யூமைப் பொறுத்தவரை பழமே உள்ளே இல்லை, குளவி எங்கிருந்து வரும்? மிருகப் பொருள் எதுவும் கூடாது என்பவர்கள் அத்தியைப் பற்றிக் கவலைப்படாமல், கஸ்தூரி, ஆம்பர்கிரிஸ், தேன்மெழுகு அப்சல்யூட் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று செய்தவரிடம் கேளுங்கள். சின்ன ஆட்களிடம் கேட்டால் பெரும்பாலும் அவர்களே பதில் எழுதுவார்கள்.

எப்படி வாங்கறது? முழு பாட்டில் வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். முதலில் 1 அல்லது 2 மி.லி. சாம்பிள். 2 மி.லி.யில் இருபது ஸ்ப்ரே போல வரும், வெயில் நாள், மழை நாள், ஏசி ரூம் மூன்றிலும் போட்டுப் பார்க்கலாம். பெர்ஃப்யூமில் பெரும்பகுதி ஆல்கஹால், தீப்பற்றும் பொருள், அதனால் விமானத் தபாலில் கட்டுப்பாடு உண்டு. எல்லா வெளிநாட்டுக் கைவினைக்காரரும் இந்தியாவுக்கு அனுப்பமாட்டார்கள். பணம் கட்டும் முன் அதை ஒரு முறை கேட்டுவிடுங்கள், சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள்.

எனக்கு வந்த ஒரு பார்சலில் மூடி தளர்ந்து பாதிக்கு மேல் கசிந்துவிட்டது. அழுகையே வந்தது. சுற்றியிருந்த காகிதத்தைத் தூக்கிப்போட மனம் இல்லாமல் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன், பத்து நாள் கதவைத் திறக்கும்போதெல்லாம் அத்தி மரம் நின்றது. அதிலிருந்து பாட்டில் கழுத்தில் டேப் சுற்றி அனுப்பச் சொல்லிவிடுகிறேன். வந்த பிறகு பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள். வெளிச்சமும் சூடும் படாத இடம் போதும்.

இலையை ஸ்பிரிட்ல ஊறப்போட்டு நானே செஞ்சிக்கலாமா?

கூடாது. என் முழங்கைத் தழும்பைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேனே, அதே சொராலெனைத்தான் ஸ்பிரிட்டில் இறக்கி உடம்பில் பூசிக்கொள்வீர்கள். ஆசையாக இருந்தால் வாசனைப் பொருள்களை வாங்கிக் கலக்கப் பழகுங்கள், அளவு வரம்புகளைப் படித்துவிட்டு. இலையை நிழலில் காயவைத்துத் துணிப்பையில் கட்டி அலமாரியில் தொங்கவிடலாம், காய்ந்த இலையில் தேங்காயோடு வைக்கோல் மணமும் சேர்ந்து வரும்.

இவ்வளவு செலவு எதுக்கு, ஒரு செடி வாங்கி வச்சா போதாதா?

செடி கட்டாயம் வையுங்கள். இலையைத் தெரியாமல் இந்த பெர்ஃப்யூமில் யார் எதைச் சொல்லவருகிறார் என்பது பிடிபடாது. தினமும் அந்த இலையை மோந்தவருக்குத்தான், போர்ட்லாந்தில் ஒருவர் அதே இலைக்குப் பக்கத்தில் ஏன் தூசியை வைத்தார், பாரிஸில் ஒருவர் ஏன் பழத்தையே விட்டுவிட்டார் என்பது சுவாரசியமாகும். செடி ஒரு மரத்தைத் தரும். பாட்டில், அந்த மரத்தடியில் இன்னொருவர் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதைத் தருகிறது. நான் காசு கொடுப்பது அதற்கு.

அத்திக்குப் போத்து வைத்தாலே வேர் பிடித்துவிடும், ஒரு சாண் குச்சி, பென்சில் கனம், இரண்டு மூன்று கணு போதும். மார்கழி கடைசியில் மாடிச் செடியை மறுபடி வெட்டுவேன். லாஸ்பேட்டைப் பக்கம் வருகிறவர்கள் சொல்லிவிட்டு வந்தால் ஆளுக்கு இரண்டு குச்சி எடுத்து வைக்கிறேன், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சாயங்காலமாக வாருங்கள்.